கடற்கரையில் ஓடிய கெப் மலை ஏறுவதற்கு முன்
திருகோணமலையில் நடந்த சங்கக் கூட்டத்தில் சாரதிகளுக்கும் கராஜ் தொழிலாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத திருகோணமலையில் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வவுனியாவிலும் திருகோணமலையிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வேலை தேடி வந்து, இங்கே சந்திக்குச் சந்தி இருக்கும் கராஜ்களில் ஸ்பானர் பிடிக்கும் தம்பிமாரும் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். மலையிலிருந்து மரக்கறி இறங்குகிறது, கடலிலிருந்து மீனும் கருவாடும் ஏறுகிறது. இரண்டையும் சுமப்பது நாங்கள் திருத்துகிற பழைய கெப் வாகனங்கள்தான். அதனால் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், லயத்திலும் இருக்கிறார்கள்.

பழைய வாகனம் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. எல்லா வகை வாகனங்களுக்கும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. இப்போது இறக்குமதிக்குத் தடை இல்லை என்றாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கெப்பின் விலையை நாங்கள் வாயால் சொல்லத்தான் முடியும். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆவதற்கே 2021 வரை போராடிய மக்கள் நாங்கள். ஆகவே நான்கு குடும்பம் சேர்ந்து, நகையை அடகு வைத்து, சீட்டுப் பிடித்து, முப்பது வருடத்துக்கு முந்திய கெப் ஒன்றை வாங்குகிறோம். அதைத் திருத்தி ஓட்டுகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நன்றாகத் திருத்திய பழைய வாகனம் நம்பி ஓடக்கூடிய வாகனம்தான்.

ஆனால் சாமான் மாற்றும்போது எல்லாச் சாமானையும் ஒரே கணக்கில் பார்க்கிறோம். பஞ்சிகாவத்தையில் பழையது மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: வாகனத்தை ஓட வைக்கிற சாமான் பழையதாக இருக்கலாம். வாகனத்தை நிறுத்துகிற சாமானும் திருப்புகிற சாமானும் புதியதாக இருக்க வேண்டும். திருகோணமலைச் சமதரையில் ஓடிய வாகனம் மலைக்குப் போகிறது என்றால் இது இரண்டு மடங்கு உண்மை.

முதலில் சட்டத்தைப் பாருங்கள்

பழைய கெப் வாங்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறந்து என்ஜினைப் பார்க்கிறார்கள். நான் முதலில் கீழே படுத்து சேசியைத்தான் பார்ப்பேன். என்ஜினை மாற்றலாம். கதவை மாற்றலாம். சேசி போனால் வாகனமே போச்சு.

இங்கே காற்றே உப்பு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலோரமாக ஓடுகிற வாகனத்தில் ஒரு வருடத்தில் வருகிற துருவை நுவரெலியாவில் பல வருடம் ஓடினாலும் காண மாட்டீர்கள். இதைவிட மோசமானது மீன் ஏற்றிய வாகனம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறோம். ஐஸ் கரைந்து, உப்புத் தண்ணீர் தட்டின் இடுக்கால் ஒழுகி, பின்பக்கச் சேசியின் உள்ளே போய்த் தங்குகிறது. சேசி பெட்டி மாதிரி உள்ளே வெறுமையானது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற கொளுவிகள், பின் சில்லுக்கு மேலே சேசி வளைகிற இடம், குறுக்குச் சட்டம் சேசியோடு சேருகிற மூலைகள், பிரேக் குழாயைப் பிடிக்கிற கிளிப்புகளுக்கு அடியில். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் தரும். போன இரும்பு தகர டப்பா மாதிரிச் சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து விற்பனைக்கு நிற்கிற வாகனத்தை இன்னும் கவனமாகத் தட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே வாகனம் வைத்திருப்பவர்கள், மீன் இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீரால் தட்டையும் அடிப்பாகத்தையும் கழுவுங்கள். சேசியில் உள்ள துளைகளால் உள்ளேயும் தண்ணீர் அடியுங்கள். அந்தத் துளைகள் சேறு அடைக்காமல் திறந்திருக்கட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, அரை மணி நேரம் போதும். வெல்டிங் பிடிக்க வேண்டி வந்தால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். ஸ்பிரிங் கொளுவியில் ஒட்டுத் துண்டு வைப்பதென்றால் சேசி வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

என்ஜின் மாற்றுவது பற்றி

எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது பழைய டொயோட்டா ஹைலக்ஸ். அதை உதாரணமாக எடுக்கிறேன். நிசான், இசுசு, மிட்சுபிசி வைத்திருப்பவர்களும் இதே வழியில் யோசிக்கலாம். ஹைலக்ஸின் மாடல் இலக்கம் எல்.என். என்று தொடங்கினால் அதில் எல் வகை டீசல் என்ஜின் வந்தது என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் 2எல் என்ஜின் 2446 சீ.சீ., 3எல் 2779 சீ.சீ., 5எல் 2986 சீ.சீ. 2எல் களைத்துப் போனால் 3எல் தேடிப் போடுவது எல்லாக் கராஜிலும் நடக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் மவுண்டும் கியர் பெட்டியும் பெரிய தொல்லை இல்லாமல் பொருந்தும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த என்ஜின் போடுவதில் தவறில்லை. ஆனால் சில வேலைகளை என்ஜின் தரையில் இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

முதலாவது, டைமிங் பெல்ட். இந்த என்ஜின்களில் கேம் சாஃப்டைச் சுற்றுவது ரப்பர் பெல்ட். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது பொதுவான கணக்கு. பாவித்த என்ஜின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதோடு நீங்கள் வாங்கிய என்ஜின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். ஆகவே பெல்ட்டையும் அதை இறுக்குகிற பெயரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் என்ஜினை ஏற்ற வேண்டும். தண்ணீர் பம்ப், தேர்மோஸ்டட், பின்பக்க ஒயில் சீல் ஆகியவற்றையும் அப்போதே பாருங்கள். பின் சீல் பிறகு ஒழுகினால் கியர் பெட்டியை மறுபடி கழற்ற வேண்டும், இரண்டாவது கூலி உங்கள் தலையில்.

இரண்டாவது, ஹெட். 2எல் வகை ஹெட்டுகள் சூடேறினால் வெடிப்பு விடும் என்பது மெக்கானிக் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாங்குகிற இடத்தில் என்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்ஜின் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட்டோ கேஸ்கட்டோ போயிருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

மூன்றாவது, டீசல். இந்தப் பழைய பம்ப்களின் உள்ளே ஓடுகிற பாகங்களுக்கு டீசலே மசகு. 2022 தட்டுப்பாட்டில் கிடைத்ததை எல்லாம் கலந்து ஓடிய வாகனங்களின் பம்ப்கள் எப்படித் தேய்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் பணம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். பில்டரின் அடியில் சேருகிற தண்ணீரையும் மாதம் ஒருமுறை திறந்து விடுங்கள்.

நான்காவது, எழுத்து வேலை. என்ஜின் மாறினால் என்ஜின் இலக்கம் மாறுகிறது. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுச் சான்றிதழில் மாற்ற வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். களவு வாகனத்தின் என்ஜின் உங்கள் வாகனத்தில் இருந்தால், வாங்கிய உங்களைத்தான் பொலிஸ் முதலில் கேட்கும். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் இலக்கத்தைப் பார்க்கும்போது புத்தகத்தில் ஒன்றும் வாகனத்தில் வேறொன்றும் இருந்தால், நட்டஈட்டை மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

என்ஜினோடு சேர்ந்து போகிற பிரேக்

இப்போது சொல்வதைக் கராஜ் தம்பிமார் கவனமாகக் கேளுங்கள்.

பெற்றோல் என்ஜினில் பிரேக் சேர்வோவுக்கு வேண்டிய காற்று உறிஞ்சலை என்ஜினே தருகிறது. டீசல் என்ஜின் அப்படித் தராது. அதற்குத் தனி வெக்குவம் பம்ப் வேண்டும். இந்த எல் வகை என்ஜின்களில் அந்தப் பம்ப், ஓல்டர்நேட்டரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. என்ஜின் ஒயில் ஒரு சிறிய குழாயால் அதற்குள் போய் வருகிறது. ஓல்டர்நேட்டர் கெட்டுவிட்டது, கையில் வேறு வாகனத்தின் ஓல்டர்நேட்டர் இருக்கிறது, பற்றரி சார்ஜ் ஆனால் போதும் என்று நினைத்துப் பம்ப் இல்லாததைப் பூட்டினால் என்ன நடக்கும்? லைட் எரியும், வாகனம் ஸ்டார்ட் ஆகும், எல்லாம் சரி மாதிரி இருக்கும். பிரேக் மட்டும் கல் மாதிரி இறுகிவிடும். திருகோணமலை நகரத்துக்குள் மெதுவாக ஓடும்போது காலை ஊன்றி மிதித்துச் சமாளிக்கலாம். புசல்லாவைக்கு மேலே ஒரு தொன் மரக்கறியோடு இறங்கும்போது எந்தக் காலாலும் சமாளிக்க முடியாது.

சேர்வோ வேலை செய்கிறதா என்று பார்க்க ஆயுதம் எதுவும் வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் இறுகும். அப்படியே காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சேர்வோவுக்கு உறிஞ்சல் வரவில்லை. இன்னொரு சோதனை: என்ஜின் ஓடும்போது பெடலை மிதித்து ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது, அல்லது எங்கேயோ ஒயில் வெளியே போகிறது. இதைச் சாரதி ஒவ்வொரு நாளும் காலையில் செய்யலாம்.

சமதரையில் ஒளிந்து, மலையில் வெளிவருகிற குறை

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 தரத்துப் புதிய பிரேக் ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்தத் தரம் கேட்பது 140 பாகைதான். வருடக்கணக்கில் மாற்றாத ஒயில் அதற்கும் கீழே போய்விடும். கடற்கரை ஈரத்தில் இருக்கிற வாகனத்தில் இதை யாரும் உணர்வதில்லை, ஏனென்றால் இங்கே பிரேக் சூடேறுவதே இல்லை. சந்திக்குச் சந்தி ஒரு மிதி, அவ்வளவுதான்.

இதே வாகனம் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போய், கம்பளை வழியாக றம்பொடை ஏறி நுவரெலியாவுக்குப் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஏறும்போது என்ஜினுக்குத்தான் வேலை. சரக்கோடு இறங்கும்போது அந்த உயரம் முழுவதும் சூடாக மாறிப் பிரேக்கில் வந்து விழுகிறது. கிழட்டு ஒயில் கொதித்துக் குழாய்க்குள் நீராவிக் குமிழி வந்தால், மிதிக்கிற மிதி குமிழியை அமுக்குமே தவிரச் சில்லைப் பிடிக்காது. பெடல் தரைவரை போகும். காலையில் நன்றாக இருந்த பிரேக் திடீரென்று போய்விட்டது என்று சாரதி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. குறை பல மாதமாக அங்கே இருந்தது, மலைதான் அதை வெளியே கொண்டுவந்தது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல இறக்கத்தில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த விபத்துக்கு யார் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அப்படிப்பட்ட இறக்கத்தில்தான் எங்கள் பிள்ளைகளும் தினமும் போய் வருகிறார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே மலைக்குப் போகிற வாகனத்துக்கு நான் வைக்கிற பட்டியல் இது. பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். மூடிய போத்தலில் புதிதாக வாங்க வேண்டும், கராஜ் மூலையில் பாதியாகத் திறந்து கிடப்பது வேண்டாம். என்ஜின் ஒயிலைத் தவறியும் பிரேக்கில் ஊற்றாதீர்கள், ரப்பர் சீல் எல்லாம் வீங்கிப் போய்விடும். இரும்புப் பிரேக் குழாய் துருவேறிச் செதில் கிளம்பியிருந்தால் அந்தத் துண்டை முழுதாக மாற்றுங்கள். நடுவில் வெட்டி டீசல் ஹோஸ் போட்டு கிளிப் இறுக்குவது கொலைக்குச் சமம். ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரின் சீல் எல்லாம் புதியது. பிரேக் சூ மாற்றினால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும்.

பல ஹைலக்ஸ்களில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. பாரம் ஏறினால் பின் பிரேக்குக்குக் கூடுதலாக ஒயில் விடுவதும், வெறுமையாக இருந்தால் குறைப்பதும் அதன் வேலை. உப்பில் அந்த வால்வின் கம்பி துருப்பிடித்து அசையாமல் நின்றுவிடும். பாரம் ஏறினாலும் பின் பிரேக் வெறும் வாகனம் மாதிரியே பிடிக்கும். கீழே படுத்துக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அடுத்த பாரம் ஏற்றுவதற்கு முன் சரிசெய்யுங்கள்.

ஸ்டீயரிங் பக்கம் பந்து மூட்டுகளும் டை ரொட் முனைகளும் பழைய சாமான் கடையில் வாங்குகிற பொருள் இல்லை. தேய்ந்ததைக் கழற்றி இன்னொருவர் தேய்த்ததைப் போடுவதில் என்ன லாபம்? டயரின் பக்கச் சுவரில் டொட் எழுத்துகளோடு வருகிற இலக்கங்களின் கடைசி நான்கும் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2314 என்றால் 2014இன் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்துக் கிடக்கிற கிழட்டு டயரை முன் சில்லில் போடாதீர்கள்.

பாரம் கூட ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுகிறோம். வாகனம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகு. ஆனால் பிரேக் டிரம் அதே அளவுதான். பட்டை கூட்டியவர் பிரேக்கைக் கூட்டவில்லை என்பதை ஏற்றுகிறவர்கள் மறக்க வேண்டாம்.

ஓட்டுகிறவர்களுக்கு

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று மூத்த சாரதிகள் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். கணக்குப் பிழை. கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், சில்லுதான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் என்ஜின் தன் பாட்டில் ஓட டீசல் குடிக்கும். அதாவது நியூட்ரலில்தான் செலவு. அதோடு என்ஜின் தருகிற பிடியும் போய்விடும். என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டுவது இன்னும் மோசம், வெக்குவம் பம்பும் நின்றுவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். அந்தக் கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போடுங்கள்.

திருத்துகிறவர்களுக்கு

கராஜில் வேலை செய்கிற தம்பிமாரே, வாகனத்துக்குப் பாதுகாப்புக் கேட்கிற நாங்கள் உங்களுக்கும் கேட்கிறோம். ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் போங்கள். பழைய பிரேக் சூவில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றிக் காற்றுக் குழாயால் ஊதினால் அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகிறது. தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். சேவை முடிந்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள், அது கடைசியில் எங்கள் கடலுக்குத்தான் போகிறது.

மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு உரியவர்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி வேறாக 3 வீதம். சிறிய கராஜ் என்பதால் இது இல்லை என்று யாராவது சொன்னால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். பாடசாலையை இடையில் விட்டவர்களுக்கும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. செய்து பழகிய வேலையைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிற முறை அது. பத்து வருடம் கை கறுத்தவனிடம் ஒரு காகிதம் இல்லை என்பதற்காகச் சம்பளத்தைக் குறைப்பவர்களுக்கு அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

பின்னால் ஏறுகிறவர்களுக்கு

கடைசியாக, இந்த உரையை வாசிக்கப் போகிற தோட்டத்துத் தாய்மாருக்கு. கொழுந்து பறிக்கவும், தோட்டத்துக்கு வெளியே மரக்கறித் தோட்டங்களில் வேலைக்குப் போகவும், கெப்பின் பின்தட்டில் நின்றுகொண்டு போகிறீர்கள். அது மனிதர் நிற்பதற்குச் செய்த இடம் இல்லை. சாமானுக்காக எடுத்த காப்புறுதி தட்டில் நிற்கிறவர்களையும் தானாகக் காக்கும் என்று நினைக்க வேண்டாம். இருக்கை உள்ள வாகனம் கேட்பது சங்கத்தின் கோரிக்கை, அதை விடப் போவதில்லை. அது கிடைக்கும்வரை, ஏறுவதற்கு முன் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது? இந்த வாகனத்தில் எத்தனை பேரை ஏற்றப் போகிறீர்கள்? காப்புறுதி யாரைக் காக்கிறது?

வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறோமே என்று பதில் வரும். அதற்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டுகிறார்கள். புகைப் பரிசோதனை புகையைப் பார்க்கிறது. பிரேக் குழாயின் துருவைப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வேலையின்போது விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் செய்த திருத்தத்தால் வேலைக்குப் போய் வருகிற வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், வாகன இலக்கம், கூட வந்தவர்களின் பெயர்கள், இவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து வந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும்.

சங்கத்திடம் நான் வைக்கிற யோசனை ஒன்றுதான். எங்கள் ஆட்கள் ஓட்டுகிற, திருத்துகிற ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கட்டும். திகதி, கிலோமீற்றர், மாற்றிய சாமான், அது புதியதா பழையதா, மாற்றியவரின் கையெழுத்து. ஐந்து கோடு போட்டால் போதும். வாகனம் விற்கும்போது கொப்பியும் சேர்ந்து போகட்டும். திருகோணமலையில் யாரோ ஒரு தம்பி போட்ட கையெழுத்தை நம்பித்தான் பொகவந்தலாவையில் யாரோ ஒரு அம்மா பின்தட்டில் கால் வைக்கப் போகிறார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். ஒன்றாக இருந்து பார்ப்போம்.